சுவிச்சுக்கு முன்னால் ஒரு கதிரை

ஐஸ் தொழிற்சாலையின் இரும்புக் கதவைத் தாண்டியதும் முதலில் தெரிந்தது ஒரு கதிரை. நீல நிறப் பிளாஸ்ரிக் கதிரை. இடது கை உடைந்திருந்தது. சுவரில் இருந்த சிவப்புப் பிடி போட்ட சுவிச்சுக்கு நேர் முன்னால், முதுகு சுவரைத் தொடும்படி அது போடப்பட்டிருந்தது. அதில், அங்கே இயந்திரத்தை ஓட்டும் ஒப்பரேற்றர் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். நானும் எங்கள் பொறியியலாளரும் உள்ளே வந்ததற்கு அவர் எழும்பவில்லை. வாங்கோ என்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில், வாசலுக்கு வந்தவர்களைப் பார்த்து அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விடுவதென்றால் அதற்கு ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும்.

அவர் அந்தக் கதிரைக்கு வந்து அன்று இரண்டாவது நாள்.

யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையில், மயிலிட்டிக்குக் கிழக்கே உள்ள ஒரு சிறிய இறங்குதுறை அது. முப்பதுக்குக் குறைவான பைபர் வள்ளங்கள். மீனவர் சங்கத்துக்குச் சொந்தமாக ஓர் ஐஸ் தொழிற்சாலை. தொழிற்சாலை என்பது பெயருக்குத்தான்; தகரக் கூரை போட்ட கூடம் ஒன்று, உப்புநீர்த் தொட்டி ஒன்று, கொம்பிரசர் ஒன்று. கொம்பிரசரை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதைச் சுவரில் இருந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டி தீர்மானித்தது. அந்தப் பெட்டியைச் செய்து கொடுத்தது, யாழ்ப்பாண நகரை அடுத்த திருநெல்வேலியில் மாணவர் விடுதிகளுக்கு நடுவே ஒரு மாடியில் இயங்கிய நிறுவனம். நான் அங்கே வேலை செய்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் துறையில் கடலுக்குப் போவதில்லை. தேவாலயத்தில் காலைப் பூசைக்குப் போவார்கள், பிறகு வீட்டில் இருப்பார்கள். திங்கட்கிழமை காலை ஒப்பரேற்றர் வந்து கதவைத் திறந்தபோது கொம்பிரசர் நின்றிருந்தது. தொட்டியில் கட்டிகள் பாதி தண்ணீர். பெட்டியின் திரை கறுப்பு. அடியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவர் எங்கள் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். எங்கள் பொறியியலாளர் பேசினார். சுவிச்சை நிறுத்தி, பத்து எண்ணி, திரும்பப் போடுங்கோ என்றார். ஒப்பரேற்றர் மாட்டேன் என்றார். பிறகு ஒரு கதிரையை இழுத்துச் சுவிச்சுக்கு முன்னால் போட்டார்.

அன்றும் அடுத்த நாளும் வள்ளங்களுக்கு ஐஸ் இல்லை. ஒரு நிமிடத்தில் முடிகிற வேலையை இந்த மனிதர் செய்ய விடுகிறாரில்லை என்று துறை முழுவதும் பேச்சு. நாங்கள் போன செவ்வாய்க்கிழமை காலை, அவருக்கு ஆதரவாக அங்கே ஒருவரும் இல்லை. மனைவி சாப்பாடு கொண்டுவந்தார், கொடுத்தார், அவரும் நிற்காமல் போய்விட்டார்.

நான் அந்த மாடிக்கு எப்படிப் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். பதினொரு வருடம் ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் இருந்தேன். மற்றவர்கள் எழுதியதை வெட்டுவது, இலக்கம் பார்ப்பது, தலைப்பு வைப்பது. ஆட்குறைப்பில் என் மேசையும் போனது. நிறுவனத்தில் எனக்குத் தந்த வேலை, பெட்டிகளோடு போகும், அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் பாவனைக் கைநூலைத் தமிழில் எழுதுவது. ஆங்கிலக் குறிப்புகளைப் பொறியியலாளர் தருவார். நான் வசனமாக்குவேன். அவருக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. என்னை அக்கா என்பார். அந்தச் சொல்லில் மரியாதையும் இருந்தது, உனக்கு இது விளங்காது என்பதும் இருந்தது.

பெட்டியின் நடுவே இருந்தது ஒரு சிப். பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்குள் ஒரு கணினியும் இருந்தது, வேலைக்கு ஏற்றபடி நாங்களே எழுதி மாற்றக்கூடிய சுற்றுகளும் இருந்தன. இவற்றோடு, அதன் மூலையில், அது தன்னைத்தானே அளந்துகொள்ளும் ஒரு கருவியும் இருந்தது. தன் உடம்பு எவ்வளவு சுடுகிறது, தனக்குள் ஓடும் மின்சாரம் எத்தனை வோல்ற் என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். கடைசியாகச் சுவிச் போட்ட நேரத்திலிருந்து தான் கண்ட ஆகக் கூடிய வெப்பத்தையும், ஆகக் குறைந்த வோல்ற்றையும் தனியாக எடுத்து வைத்திருக்கும். சூடு எல்லை மீறினால் சிப் தன் வேலைப் பகுதியை நிறுத்திவிடும். அளக்கும் கருவி மட்டும் விழித்திருக்கும். அந்தப் பச்சை விளக்குக்கு அதுதான் அர்த்தம்.

இதை எழுதியபோது நான் பொறியியலாளரிடம் ஒரு கேள்வி கேட்டேன். கரண்ட் போனால் அந்த இலக்கங்கள் என்ன ஆகும்? போயிடும் என்றார். அதை எழுதட்டோ என்றேன். ஐஸ் பக்டரிக்காரர் உதையெல்லாம் வாசிக்கப் போகினமோ, அக்கா, பக்கம்தான் கூடும் என்றார். நான் எழுதினேன். அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பதினொரு வருடப் பழக்கம். ஒரு தகவல் கையில் இருந்தால் இடம் பார்த்துப் போட்டுவிடுவேன். பதினான்காம் பக்கத்தில், கீழே, ஒற்றை வசனம்: "மின்சாரம் நிறுத்தப்பட்டால் இப்பதிவுகள் அழிந்துவிடும்."

பலாலி வீதியால் வான் வண்டியில் போகும்போதே பொறியியலாளர் மடிக்கணினியில் அறிக்கையை எழுதி முடித்துவிட்டார். நான் அதைத் திருத்தமான தமிழில் போட்டுத் தர வேண்டும். என்னைக் கூட்டிக்கொண்டு போனதே அதற்குத்தான். வாசித்தேன். அந்தத் துறையில் வள்ளம் திருத்துகிறவர்கள் தொழிற்சாலையின் பிளக்கில் பைபரை அராவித் தேய்க்கும் கிரைண்டரைக் கொழுவுகிறார்கள். அதனால் வோல்ற் விழுந்தது. சிப் குழம்பி நின்றது. இது பாவனையாளரின் கவனயீனம். முடிவு முதல் பந்தியில் இருந்தது. ஆதாரம் எந்தப் பந்தியிலும் இல்லை. இதை இன்னும் நாங்கள் போய்ப் பார்க்கவில்லையே என்றேன்.

"அங்கை போனவுடனை தெரியும், அக்கா. உவையளை எனக்குத் தெரியாதோ?"

கூடத்துக்குள் சங்கத் தலைவர் நின்றார். வெள்ளைச் சட்டை, அதன் பையில் மூக்குக்கண்ணாடி. வாசலில் வள்ளக்காரர் எட்டுப் பத்துப் பேர். தகரக் கூரையின் கீழே காலை ஒன்பதரைக்கே வெக்கை. தலைவர் எங்களுக்குச் சொன்னதெல்லாம் ஒப்பரேற்றரின் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே சொல்லப்பட்டது. இரண்டு நாளாக ஐஸ் இல்லை, பிடித்த மீனை வெளியில் ஐஸ் வாங்கித்தான் காப்பாற்றியது, போனில் சொன்னபடி செய்ய ஒரு நிமிடம் போதும், இந்தாள் விடுறாரில்லை.

"மாதாவுக்கு முன்னாலை இருக்கிற மாதிரியெல்லோ இருக்கிறார்," என்றார் வாசலில் ஒருவர்.

"மெழுகுதிரி ஒண்டு கொளுத்தி விடுங்கோவன்," என்றார் இன்னொருவர்.

சிரித்தார்கள். ஒப்பரேற்றர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவர் பொறியியலாளரின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எழும்புங்கோ," என்றார் பொறியியலாளர். "ஓஃப் பண்ணாமல் நான் பெட்டியிலை கை வைக்கேலாது. பாதுகாப்பு."

"ஓஃப் பண்ணினா இலக்கம் போயிடும்."

"என்ன இலக்கம்?"

ஒப்பரேற்றர் குனிந்து, கதிரைக்குக் கீழே இருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் எங்கள் கைநூல். ஓரங்கள் மடியவில்லை, ஒரு எண்ணெய்க் கறை இல்லை. பதினான்காம் பக்கத்தைத் திறந்து பொறியியலாளரிடம் நீட்டினார்.

பொறியியலாளர் அதை வாங்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் செய்தி மேசையில் பல தடவை கண்டிருக்கிறேன். வெட்டச் சொன்ன வசனம் அச்சில் வந்திருக்கும்போது வரும் பார்வை.

திங்கட்கிழமை போனில் அவர் சுவிச்சை நிறுத்தச் சொன்னது அந்தப் பதிவை அழிக்கத்தானா என்று பிறகு என்னிடம் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. எந்தப் பெட்டிக்கும், எவர் போன் எடுத்தாலும், அவர் முதலில் சொல்வது அதைத்தான். அது மட்டும் எனக்குத் தெரியும்.

பொறியியலாளர் கைநூலை விட்டுவிட்டுப் பிளக்குக்குப் போனார். சுவரோரம் இருந்த அந்தப் பிளக்கைச் சுற்றி வெள்ளைத் தூசி மாவு போலப் படிந்திருந்தது. விரலால் தொட்டுத் தலைவருக்குக் காட்டினார். பைபர் அராவின தூசி. உதிலை கிரைண்டர் கொழுவினது ஆர் என்று கேட்டார்.

வாசலில் இருந்த சிரிப்பு நின்றது. அங்கே நின்ற பெரும்பாலானவர்களின் முன்கையில் அதே தூசி இருந்தது. ஒருவரும் நான்தான் என்று சொல்லவில்லை.

தலைவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தூசியைப் பார்த்தார். கிரைண்டர் கொழுவக் கூடாதென்று சங்கக் கூட்டத்தில் முடிவெடுத்தது எல்லாருக்கும் தெரியும் என்றார். கொழுவ விடுகிறவர் வேலையில் இருக்கமாட்டார் என்றும் அந்தக் கூட்டத்திலேயே சொல்லப்பட்டதாம்.

"கிரைண்டராலைதான் நிண்டதெண்டால் நாளைக்கு வேறை ஆளைப் பாப்பம்," என்றார். "நீர் ஒன்பது வருசம் நிண்டனீர் எண்டதுக்காக ரெண்டு நியாயம் கதைக்கேலாது."

"பாருங்கோ," என்றார் ஒப்பரேற்றர். "ஆனா இலக்கத்தை வாசிச்சுப்போட்டுப் பாருங்கோ. கிரைண்டருக்குக் கரண்ட் நான் குடுத்தனான். வள்ளத்தை அராவாமல் எப்பிடிக் கடலுக்கு விடுறது? குடுத்தனான் எண்டு சொல்லுறன். அதாலை நிண்டதெண்டு உந்தப் பெட்டி சொல்லட்டும், நான் எழும்பிப் போறன்."

அவர் எதை நம்பி அங்கே உட்கார்ந்திருந்தார் என்று அப்போது எனக்கு விளங்கியது. பெட்டி தன் பக்கம் பேசும் என்று அவருக்கு எந்த உறுதியும் இருக்கவில்லை. அது பேசினால் கேட்கலாம், நிறுத்தினால் கேட்க முடியாது. அவ்வளவுதான் அவருடைய கையில் இருந்தது.

தலைவர் பொறியியலாளரைப் பார்த்தார். நிறுத்தாமல் வாசிக்கலாமா என்றார். பொறியியலாளர் அது சிரமம் என்றார், ஈரமான நிலம் என்றார், பிறகு மடிக்கணினியைத் திறந்து பெட்டியின் அடியில் இருந்த துளையில் ஒரு வயரைக் கொழுவினார். கை நனையவில்லை, ஒன்றும் வெடிக்கவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

திரையில் வந்ததை அவர் தனக்குள் வாசித்தார். தலைவர் என்னைக் கூப்பிட்டார். பிள்ளை, நீர் வாசியும், எல்லாருக்கும் கேட்க வாசியும் என்றார்.

நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். முதலில் வோல்ற். சிப்புக்குள் இருக்க வேண்டியது ஒரு வோல்ற். ஆகக் குறைந்த பதிவு, பூச்சியம் தசம் ஒன்பது எட்டு. கைநூலில் நானே எழுதிய எல்லை பூச்சியம் தசம் ஒன்பது ஐந்து. அதற்குக் கீழே அது ஒருபோதும் போகவில்லை.

அதுக்கு என்ன கருத்து என்று தலைவர் கேட்டார். நான் பொறியியலாளர் சொல்லட்டும் என்று இருந்தேன். அவர் வெளியில் வோல்ற் விழுந்தாலும் உள்ளுக்கு எல்லா நேரமும் அது பதியாது என்று ஏதோ தொடங்கினார்.

"தம்பி," என்றார் ஒப்பரேற்றர். "கிரைண்டர் இல்லை எண்டு உம்மடை வாயாலை சொல்லும்."

அதுவரை பன்மையில் கதைத்தவர் அந்த இடத்தில் நீர் என்று இறங்கினார். பொறியியலாளருக்கு அது விளங்கியது. காது சிவந்தது.

"கிரைண்டராலை இல்லை," என்றார்.

வாசலில் கால்கள் அசைந்தன. ஒருவர் தொண்டையைச் செருமினார். மெழுகுதிரி கொளுத்தச் சொன்னவர் தன் முன்கையைத் துடைத்துக்கொண்டார். ஒப்பரேற்றர் அவர்களைப் பார்த்தார். முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. இரண்டு நாளாக அவர்கள் சொன்னதெல்லாம் அந்த முகத்தில் இருந்தது.

அடுத்தது வெப்பம். ஆகக் கூடிய பதிவு நூற்றொரு பாகை. நூறில் சிப் தன்னை நிறுத்திக்கொள்ளும் என்று கைநூல் சொல்கிறது. ஆக, அது சூட்டில் நின்றிருக்கிறது. ஞாயிறு மதியம், தகரக் கூரைக்குக் கீழே, மூடிய கூடத்தில்.

பொறியியலாளர் பெட்டிக்குப் பக்கத்தில் போனார். பக்கவாட்டில் கையை வைத்தார். மேலும் கீழும் தடவினார். பிறகு மற்றப் பக்கம் தடவினார். அந்தப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் காற்றுப் போய் வருவதற்கு நீண்ட வெட்டுகள் இருக்கும், பக்கத்துக்கு எட்டு. அவை இல்லை. பைபர் துணி வைத்து, ரெசின் பூசி, அரத்தாள் போட்டு மட்டமாக்கி, அதே சாம்பல் நிறம் அடித்திருந்தது. பெட்டி எங்கள் நிறுவனத்திலிருந்து அப்படியே வந்தது போல இருந்தது. நான் முக்கால் மணி நேரமாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். எனக்குத் தெரியவில்லை. பார்ப்பதுதான் என் தொழில் என்று எண்ணிக்கொண்டிருந்தவள் நான்.

"உதை ஆர் அடைச்சது?"

"நான்தான்," என்றார் ஒப்பரேற்றர். அவருடைய குரலில் அதுவரை இல்லாத ஒன்று இருந்தது. நல்ல வேலை செய்தவரின் குரல் அது. "மாரி மழை முடியேக்கை செய்தனான்."

"ஏன்?"

"ஓட்டையெல்லோ."

வாசலில் இருவர் தலையாட்டினார்கள். அந்தத் துறையில் கடலைப் பார்த்தபடி இருக்கும் எதிலும் ஓட்டை விட மாட்டார்கள். வள்ளத்தில் மயிரிழை வெடிப்புக் கண்டால் அன்றைக்கே பைபர் துணி வைப்பார்கள். வானொலிப் பெட்டிக்கு உறை, ரோச் லைட்டுக்கு உறை, போனுக்கு இரட்டை உறை. உப்புக்காற்று புகுந்த சாமான் ஒரு வருடம் தாங்காது என்பது அவர்களுக்குக் கையால் தெரிந்த விஷயம்.

பொறியியலாளர் சிரித்தார். அன்று காலை முழுவதும் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். பாருங்கோ தலைவர், மூக்கை அடைச்சுப்போட்டு மூச்சு நிண்டதுக்கு எங்களைக் கேக்கிறார் என்றார். கவனயீனம் என்ற சொல்லுக்கு இடம் கிடைத்துவிட்டது. காரணம் மட்டும்தான் மாறியிருந்தது.

தலைவர் ஒப்பரேற்றரைப் பார்த்தார். அவர் இரண்டு நாளாகக் காவல் காத்த சாட்சி, முதல் இலக்கத்தில் அவரை விட்டுவிட்டு இரண்டாவது இலக்கத்தில் பிடித்துக்கொடுத்திருந்தது. அவருடைய வேலை திரும்பவும் அந்தக் கூடத்தின் நடுவே கிடந்தது.

அவர் அவசரப்படவில்லை. கைநூலை எடுத்து ஒன்பதாம் பக்கத்துக்குப் போனார்.

"வாசிக்கட்டோ?" என்று கேட்டுவிட்டு, பூசையில் வாசகம் வாசிப்பது போல, சொல் சொல்லாக வாசித்தார். "உப்புக்காற்று உட்புகாதவாறு பெட்டியைப் பாதுகாக்கவும்."

புத்தகத்தை மூடினார். "புகாதவாறு எண்டு போட்டிருக்கு. பாதுகாத்தனான். அடைக்கக் கூடாது எண்டு ஒரு பக்கத்திலும் இல்லை. நான் மூண்டு தரம் வாசிச்சனான்."

அது என் வசனம். ஆங்கிலக் குறிப்பில், கடற்கரைப் பகுதிகளில் கவனம் தேவை என்ற அளவில்தான் ஏதோ இருந்தது. அதை ஒரு நல்ல வசனமாக ஆக்கியது நான். எழுதும்போது என் மனதில் இருந்தது ஒரு கூரை, சாத்திய ஒரு யன்னல். நான் அதற்கு முன் ஐஸ் தொழிற்சாலையைக் கண்டதில்லை. பெட்டியில் வெட்டுகள் எதற்கு என்றும் கேட்டதில்லை. திருநெல்வேலியில் மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதினேன்.

"அக்கா எழுதினது," என்றார் பொறியியலாளர். "நான் இல்லை."

அது உண்மை. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வள்ளக்காரர் இரண்டு நாளாக ஒப்பரேற்றரை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு அப்போது தெரிந்தது. பிள்ளை, நீர்தானோ எழுதினது என்று தலைவர் கேட்டார். ஓம் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் பிழை என் பெயரில் முடிந்திருக்கும், நிறுவனமும் அதற்குமேல் என்னிடம் எதுவும் கேட்டிருக்காது.

ஆனால் பன்னிரண்டாம் பக்கம் இருந்தது. அதன் கதையை அந்தக் கூடத்தில் அறிந்தவர்கள் இரண்டு பேர். கைநூலின் முதல் பிரதியில் இரண்டு வரிகள் இருந்தன. எண்பத்தைந்து பாகையில் ஒப்பரேற்றரின் போனுக்கு எச்சரிக்கை போகும். நூறு பாகையில் பெட்டி தானாக நிற்கும். வேறோர் இடத்தில் அந்த எச்சரிக்கை அடிக்கடி போய், அவர்கள் அடிக்கடி எங்களைக் கூப்பிட்டு, பொறியியலாளர் அடிக்கடி பஸ் ஏறிப் போக வேண்டி வந்தது. ஒரு நாள் அவர் என் மேசைக்கு வந்து எண்பத்தைந்தை நூறாக மாற்றச் சொன்னார். சிப்புக்குள் தான் மாற்றிவிட்டதாகவும் சொன்னார். இரண்டு வரியிலும் ஒரே இலக்கம் வருகிறதே என்று நான் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். அது ரெக்னிக்கல் விசயம் அக்கா என்றார். நான் கேள்விக்குறியை அழித்தேன்.

அதை அங்கே சொன்னேன். எச்சரிக்கையின் இலக்கம் முதலில் எண்பத்தைந்தாக இருந்தது, மாற்றப்பட்டது, மாற்றி எழுதியது நான் என்று சொன்னேன். யார் மாற்றச் சொன்னது என்று தலைவர் கேட்டார். அதையும் சொன்னேன்.

"அக்கா, உது இஞ்சை கதைக்கிற விசயமில்லை," என்றார் பொறியியலாளர். குரல் தாழ்ந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.

ஒப்பரேற்றர் பன்னிரண்டாம் பக்கத்தைத் தேடி எடுத்திருந்தார். விரலை ஒரு வரியில் வைத்தார், பிறகு அடுத்த வரியில் வைத்தார்.

"ரெண்டும் நூறோ?"

விரலைத் திரும்ப முதல் வரிக்குக் கொண்டுபோனார்.

"அப்ப உது செத்தாப் பிறகுதான் காய்ச்சல் எண்டு சொல்லுமோ?"

தலைவர் அவரிடம் போனுக்கு எப்போதாவது எச்சரிக்கை வந்ததா என்று கேட்டார். மாரி முடிந்ததிலிருந்து ஒரு நாளும் வரவில்லை என்றார். வந்திருந்தால் கதவைத் திறந்து விட்டிருப்பேன், ஆரையாவது கேட்டிருப்பேன், அடைச்சது பிழையோ எண்டு யோசிச்சிருப்பேன் என்றார். அவர் அதைச் சொன்னவிதத்தில் கோபம் மட்டும் இருக்கவில்லை. தான் அவ்வளவு சுத்தமாகச் செய்த வேலைதான் கொம்பிரசரை நிறுத்தியது என்பது அப்போதுதான் அவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

தலைவர் நீதிமான் எல்லாம் இல்லை. ஐஸ் வேண்டும், இரண்டு நாள் போய்விட்டது, வெயில் ஏறுகிறது. அவர் மூன்று விஷயம் சொன்னார். இந்தாள் வேலையில் நிற்கட்டும். ஓட்டையைத் திறக்கட்டும். நீங்கள் உங்கள் இலக்கத்தைப் பழையபடி ஆக்கிவிட்டுப் போங்கள், அதன் பிறகு உங்களோடு கதைக்க ஒன்றும் இல்லை. மன்னிப்பு என்ற சொல் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை.

ஒப்பரேற்றர் இன்னும் கதிரையை விடவில்லை. இலக்கம் எழுத்தில் வேண்டும் என்றார். சங்கத்தின் கடிதத்தாளில் இரண்டு இலக்கத்தையும் எழுதினேன். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். திரையைப் பார்த்துத் திரும்ப வாசிக்கச் சொன்னார். என்னை நம்பவில்லை, நம்புவதற்கு நான் எதுவும் செய்திருக்கவுமில்லை. தலைவர் கையெழுத்து வைத்தார். நான் வைத்தேன். பொறியியலாளர் பேனாவை வாங்கி, தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார். கேட்கும் வரைக்கும் நான் இருக்கிறன் என்றார் ஒப்பரேற்றர். பொறியியலாளர் கையெழுத்து வைத்தார்.

அதன் பிறகுதான் அவர் எழும்பினார். கால் விறைத்திருக்க வேண்டும், சுவரைப் பிடித்துக்கொண்டார். கதிரையைக் காலால் தள்ளினார். சிவப்புப் பிடியைத் தானே கீழே இழுத்தார். பச்சை விளக்கு அணைந்தது.

பெட்டியின் பக்கத் தகடுகளைக் கழற்றி வெளியே மணலுக்குக் கொண்டுபோனார். கிரைண்டர் வேண்டும் என்றார். மெழுகுதிரி கொளுத்தச் சொன்னவர்தான் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். வயரை இழுத்து, சிவப்புச் சுவிச்சோடு சேராத அதே பிளக்கில் கொழுவினார்கள். தலைவர் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஒப்பரேற்றர் தன் கையால் அடைத்த பதினாறு வெட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். வெள்ளைத் தூசி காற்றில் ஏறி எங்கள் மேல் படிந்தது. ஒருவரும் அவருக்கு உதவி செய்கிறேன் என்று கிட்டப் போகவில்லை. அவரும் கேட்கவில்லை.

உள்ளே பொறியியலாளர் மடிக்கணினியோடு நின்றார். தகடுகளைப் பூட்டிச் சுவிச் போட்டதும், ஒப்பரேற்றர் அவருக்குப் பின்னால் போய் நின்று, எண்பத்தைந்து என்று திரையில் விழும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். கொம்பிரசர் ஒரு தடவை இருமி, பிடித்துக்கொண்டது.

பிறகு என்னிடம் வந்தார். ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து நீட்டினார்.

"உந்த வசனத்தை உங்கடை கையாலை வெட்டுங்கோ."

வெட்டினேன். ஓரத்தில், செய்தி மேசையில் செய்வது போல, சுருக்கொப்பம் வைத்தேன். பன்னிரண்டாம் பக்கத்திலும் நூறை வெட்டி எண்பத்தைந்து எழுதி ஒப்பம் வைத்தேன். அவர் ஒப்பங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நன்றி சொல்லவில்லை. புத்தகத்தை ஒரு பைக்குள் போட்டு, அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் பைபர் தூசி முழங்கை மடிப்பில் ஏறி அரித்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் இரண்டு நாள் போகவில்லை. நிறுவனத்தில் என்னை ஒருவரும் ஏசவில்லை. கைநூல் வேலையை இனி வெளியில் கொடுப்பதாகச் சொன்னார்கள். அந்த மாத முடிவோடு நான் வெளியே வந்தேன்.

கைநூலின் புதிய பதிப்பை, அங்கே இன்னும் வேலை செய்யும் ஒருவர் எனக்குக் காட்டினார். பழக்கத்தில் நேராக அந்த மூன்று பக்கங்களுக்குப் போனேன். உப்புக்காற்று வசனம் இல்லை. அது சரி. பதினான்காம் பக்கத்தின் அடியில் பதிவுகள் அழிந்துவிடும் என்ற வசனமும் இல்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் இரண்டு வரிகளும் அப்படியே இருந்தன: நூறு, நூறு.

புதிய பதிப்பை எல்லா இடங்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துப் பழையதை வாங்கி வரச் சொல்லியிருந்தார்களாம். அந்த இறங்குதுறையில் மட்டும் அது முடியவில்லை. கதிரை இன்னும் சுவிச்சுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது என்றார் போய் வந்தவர். ஒப்பரேற்றர் புதிய புத்தகத்தை வாங்கி, நின்ற நிலையில் பன்னிரண்டாம் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். பழையதைக் கேட்டதற்கு, அதிலை ஒப்பம் இருக்கு, தரமாட்டன் என்றாராம்.